படத்தை மெஷின் பார்த்துவிடும், ஆச்சியை யார் கூட்டிவருவது?

கொஞ்ச நாளாக, மருத்துவமனைகளுக்குள் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்த கதையைத் தேடி வாசித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். அமெரிக்கா, இங்கிலாந்து என்று சுற்றிவிட்டுப் பார்த்தால், இந்த விஷயத்தில் உலகம் முழுக்க எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று நம்ம பக்கத்துக் கதை. அரவிந்த் கண் மருத்துவமனை. மதுரைக்காரங்க அதை மதுரைக் கதை என்பாங்க. அது சரிதான், ஆனால் அதன் வேர் இன்னும் தெற்கே, பழைய திருநெல்வேலி ஜில்லாவில் இருக்கு. காலவரிசைப்படி எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. அங்கே மெஷின் உருப்படியாக வேலை செய்கிறது என்றால், அதற்கான காரணத்தில் பெரும்பங்கு மெஷின் வருவதற்கு முந்தைய நாற்பது வருஷத்தில் இருக்கிறது.

வடமலாபுரத்துக்காரர்

டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று வடமலாபுரத்தில் பிறந்தார். எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம். இன்றைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். அன்றைக்கு திருநெல்வேலி ஜில்லா. சென்னை ஸ்டான்லியில் 1944இல் மருத்துவப் படிப்பை முடித்து ராணுவத்தில் சேர்ந்தார். பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். கடுமையான முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப் போயின. அந்த விரல்களோடுதான் கண் மருத்துவத்துக்கு மாறி, கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976இல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். தேனியில் 1985இலும் திருநெல்வேலியில் 1988இலும் கிளைகள் வந்தன. தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து, பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும், கண் ஆபரேஷனுக்கு ஜங்ஷனுக்குப் பஸ் ஏறுகிற வழக்கம் அதற்குப் பிறகு வேர் பிடித்தது.

இந்தப் பள்ளத்தாக்குக்குப் பார்வையிழப்போடு அதைவிடப் பழைய உறவும் உண்டு. பாளையங்கோட்டையில் மிஷனரிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியிருக்கிறார்கள். அது பார்வை போன பிறகு செய்யும் உதவி. போகாமல் தடுப்பது, போனதை மீட்பது என்ற வேலை பெரிய அளவில் நடக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

வெங்கடசாமி பார்த்த கணக்கு இதுதான்: புரை விழுந்தவர்கள் லட்சக்கணக்கில், கண் டாக்டர்கள் கைவிரல் எண்ணிக்கையில். டாக்டர்களை ஒரே நாளில் பெருக்க முடியாது. இருக்கிற டாக்டரின் நேரத்தைப் பெருக்கலாம். மெக்டொனால்ட்ஸ் கடையில் எங்கே போனாலும் ஒரே மாதிரி பண்டம் ஒரே வேகத்தில் வருகிறதே, கண் ஆபரேஷனை ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்று அவர் கேட்டது பிரபலம். ஒரு மேஜையில் ஆபரேஷன் முடியும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் திரும்பினால் போதும். பார்வை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் கிராமத்திலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்வாங்க. காசு உள்ளவர்கள் கட்டுகிற பணத்தில் இல்லாதவர்களுக்கும் சிகிச்சை.

கவனிச்சுப் பாருங்க, இதில் கம்ப்யூட்டர் எங்கேயும் இல்லை. ஆனால் "எந்த வேலைக்கு டாக்டரே வேண்டும், எந்த வேலையை நன்றாகப் பயிற்சி பெற்ற இன்னொருவர் செய்யலாம்?" என்ற கேள்விக்கு அங்கே பதில் கண்டுவிட்டார்கள். ஏ.ஐ.யைக் கொண்டுவர நினைக்கிற எந்த மருத்துவமனையும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதே கேள்விதான்.

நூற்றுக்கு ஏழு

கதையின் இரண்டாவது கட்டம் தோல்வியிலிருந்து தொடங்குகிறது. ஊர் ஊராக முகாம் போட்டாங்க. இலவசம். ஆனாலும் தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று காட்டியது. மீதிப்பேர் வீட்டில்தான் இருந்தார்கள்.

காரணத்தைத் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். சிகிச்சை இலவசம், சரி. பஸ் கட்டணம்? கூட வருகிறவரின் அன்றைய கூலி? வீட்டில் ஆடு மாட்டை யார் பார்ப்பது? "கண்ணுல பூ விழுந்துட்டு, வயசானா அப்படித்தான்" என்ற சமாதானம் வேற. 

இதற்குப் பதிலாகத்தான் 2004இலிருந்து சின்னச் சின்னப் பார்வை மையங்கள் வந்தன. சிற்றூரில் ஒரு சிறிய கட்டடம், அதில் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள், கணினி, கேமரா. நோயாளியை அவர்கள் பரிசோதிப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் திரை வழியாகப் பேசி முடிவு சொல்வார். அப்போது கிராமங்களில் இணையம் நொண்டி அடித்த காலம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, கோபுரத்துக்குக் கோபுரம் வைஃபையை நீண்ட தூரத்துக்கு அனுப்பும் முறையைத் தேனிப் பக்கம் அமைத்தார்கள். பிறகு திருநெல்வேலி உட்பட மற்ற மருத்துவமனைகளைச் சுற்றியும் இந்த மையங்கள் பரவின.

ஆக, ஏ.ஐ. என்ற பேச்சு வருவதற்குள்ளேயே கண்ணைப் படம் பிடிக்க ஆள், படத்தை அனுப்ப வழி, முடிவைக் கேட்டு நோயாளியிடம் தமிழில் சொல்ல ஒரு பெண் என்று மூன்றும் அங்கே தயார்.

சுகர் வந்த பிறகு

புரை என்பது நோயாளிக்கே தெரியும் குறை; மங்கலாகிறது, ஆபரேஷன் செய்தால் திரும்பக் கிடைக்கிறது. சுகர் அப்படியில்லை. பல வருஷம் கட்டுப்படாத சுகர், கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. முதலில் குழாய் புடைக்கும், பிறகு கசியும், கடைசியில் புதிதாக முளைக்கும் பலவீனமான குழாய்கள் உடைந்து ரத்தம் கொட்டும். வேடிக்கை என்னவென்றால் ரொம்ப காலத்துக்குப் பார்வை நன்றாகவே இருக்கும். தெரிய ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். முன்னாலேயே கண்டுபிடித்தால் லேசரும் ஊசியும் காப்பாற்றும். போன பார்வையை முழுசாக மீட்பது கஷ்டம்.

இந்தியாவில் சுகர் உள்ளவர்கள் 10.1 கோடி என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. அவர்களில் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் 12.5 சதவீதம், பார்வையே போகும் ஆபத்தில் இருப்பவர்கள் 4 சதவீதம் என்று 2022இல் வெளியான இன்னொரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. சதவீதத்தைப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். 10 கோடியில் 4 சதவீதம் என்றால் 40 லட்சம் பேர். அந்த 40 லட்சம் யார் என்று கண்டுபிடிக்க, சுகர் உள்ள எல்லோருடைய விழித்திரையையும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும். அத்தனை படத்தையும் பார்க்க எந்த டாக்டருக்கு நேரம்?

மெஷின் நுழைந்த வாசல் இதுதான். கூகுள் ஆய்வாளர்கள் 2016 டிசம்பரில் ஜாமா மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1,28,175 விழித்திரைப் படங்களை 54 கண் மருத்துவர்கள் தரம்பிரித்துக் கொடுக்க, அதிலிருந்து கணினி நோயை அடையாளம் காணக் கற்றுக்கொண்டது. அமெரிக்கப் படங்களோடு இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகளின் படங்களும் அதில் இருந்தன. அரவிந்தும் அவற்றில் ஒன்று. அடுத்து, அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2019இல் மதுரையில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது. 2025இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 45 இடங்களில் சுமார் 6 லட்சம் பேரை இந்த முறையில் பரிசோதித்திருக்கிறார்கள். அதில் ஒரு சிறு பகுதியை மருத்துவர்கள் மறுபடி பார்த்தபோது, நோய் முற்றியவர்களில் நூற்றுக்கு 97 பேரை மெஷின் சரியாகப் பிடித்திருந்தது.

எனக்கு இதில் பிடித்தது 97 என்ற எண்ணைவிட, வேலை தொடங்கி வருஷங்கள் ஆன பிறகும் மறுபடி எடுத்துச் சரிபார்த்தார்கள் என்பது. கேமரா மாறும், ஆட்கள் மாறுவார்கள், நோயாளிகளின் வயது மாறும். வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோகிற சாமான் இல்லை இது.

தாய்லாந்தில் நடந்தது

இதே கூகுள் மென்பொருளைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று மெஷின் ஒதுக்கிவிட்டது. பல இடங்களில் படம் எடுக்க இருட்டறை இல்லை. வெளிச்சமான அறையில் கண்பாவை சுருங்கிவிடும். இணையம் மெதுவாக இருந்ததால் வரிசை நீண்டது. மெஷின் ஒதுக்கிய நோயாளியை வேறு நாள் வேறு ஊருக்கு வரச் சொல்ல வேண்டியிருந்தது.

மெஷின் ஒன்றுதான். அறையும் ஆளும் வரிசையும்தான் வேறு. அரவிந்தின் நாற்பது வருஷம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

முடிவு வந்த பிறகு

இனி நம்ம ஊருக்கு வருவோம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்களை நினைச்சுக்கோங்க. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தட்டை எடுக்காத நாள் கூலி இல்லாத நாள். அப்படி ஒருவருக்கு நிமிஷத்தில் மெஷின் சொல்லிவிடுகிறது: விழித்திரையில் பாதிப்பு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும். முன்பு இந்தப் பதிலுக்கு டாக்டரின் நேரம் தேவைப்பட்டது. அந்தத் தடை நீங்கிவிட்டது. அடுத்த தடை அப்படியே இருக்கிறது. அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. தெரிகிற கண்ணுக்கு எதற்கு ஒரு நாள் கூலியை விடணும்?

எங்க ஆச்சிக்குப் பதினெட்டு வருஷமாச் சுகர். கண்ணைப் பார்த்துட்டு வரலாம் என்று கூப்பிட்டால், "ஊசியில நூல் கோக்குதேன், எனக்கென்னல கண்ணுக்கு?" என்பாள். ஒரு தடவை போய் வருவதோடும் இது முடியாது. ஊசி என்றால் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூட ஓர் ஆள் வேண்டும்.

அதனால்தான் "இத்தனை லட்சம் பேரைப் பரிசோதித்தோம்" என்ற எண்ணோடு நிற்கக்கூடாது என்கிறேன். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் வேண்டும்: மெஷின் போகச் சொன்னவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள்? நூற்றுக்கு ஏழு என்று 1999இல் வெளிவந்த அந்த எண்ணுக்கு நேர் வாரிசு இந்தக் கேள்வி.

லென்ஸும் அல்காரிதமும்

இன்னொரு விஷயம் யாருடைய கையில் சாவி என்பது. புரை எடுத்தபின் வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் நூறு டாலருக்கு மேல் விற்ற இறக்குமதிச் சரக்கு. 1992இல் அரோலாப் தொடங்கி, மதுரையிலேயே செய்து, பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். தொழில்நுட்பமே நம்ம ஊருக்கு வந்துவிட்டது. அல்காரிதம் அப்படி வரவில்லை. நம் மக்களின் விழித்திரைப் படங்களும் சேர்ந்துதான் அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தன. ஆனால் அது கலிஃபோர்னியா கம்பெனியின் சொத்து. 2024இல் அரோலாபுக்கும் பெங்களூரின் ஃபோரஸ் ஹெல்த்துக்கும் கூகுள் உரிமம் கொடுத்தது. தாய்லாந்து நிறுவனம் ஒன்றையும் சேர்த்து, 10 வருஷத்தில் நோயாளிக்குச் செலவில்லாமல் 60 லட்சம் பரிசோதனைகள் என்று அறிவிப்பு. நல்ல விஷயம்தான். 11ஆம் வருஷம் என்ன என்பதை இப்போதே கேட்டு வைப்பதும் நல்ல விஷயம்.

கேட்பதற்கு இடமும் இருக்கு. தமிழ்நாடு அரசு 2020லேயே பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. ஐ.சி.எம்.ஆர். 2023இல் மருத்துவத் துறைக்கான நெறிமுறைகளைக் கொடுத்தது; நோயாளியின் சம்மதம், தகவல் பாதுகாப்பு, தவறு நடந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் பேசப்படுகிறது. காகிதத்தில் இருப்பது சேரன்மகாதேவியிலோ கல்லிடைக்குறிச்சியிலோ கையெழுத்து வாங்கும் மேஜை வரை வர வேண்டும், புரிகிற தமிழில்.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதாவது எந்தத் தெருவில் யாருக்குச் சுகர் என்ற பதிவேடு அரசிடம் இருக்கு. வீட்டுக்கு வந்து போகிற ஆளும் இருக்கு. அந்த வரிசையில் ஒரு கண் படத்தையும், "போன மாசம் போகச் சொன்னாங்களே, போனீங்களா ஆச்சி?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துவிட்டால், மெஷினுக்கு உண்மையான வேலை கிடைக்கும். மெஷின் வாங்கக் கொட்டேஷன் கேட்கிற ஆஸ்பத்திரிகள், அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிற ஆளுக்கான சம்பளத்தையும் அதே ஃபைலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.