பல மண்டல ஹீட் பம்ப்: குளிர்ப் பகுதி வீடுகளில் நிறுவும் முறை

பல மண்டல ஹீட் பம்ப் (வெப்ப எக்கி) என்பது வீட்டுக்கு வெளியே நிற்கும் ஒரே யூனிட்டைக் கொண்டு இரண்டு முதல் எட்டு உள் யூனிட்டுகள் வரை இயக்கி, அறைகளைச் சூடாக்கும் கருவி. ஒவ்வோர் உள் யூனிட்டும் காக்கும் பகுதி ஒரு மண்டலம் எனப்படும். மண்டலத்துக்கு மண்டலம் வெவ்வேறு வெப்பநிலையை வைத்துக்கொள்ளலாம். கோடையில் இதே கருவி ஏசியாகவும் வேலை செய்யும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள், கனடா, நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய குளிர்ப் பகுதிகளில் எண்ணெய்க் கொதிகலன்களுக்கும் மின்சுருள் ஹீட்டர்களுக்கும் மாற்றாக ஹீட் பம்ப்புகள் பரவியுள்ளன. இக்கட்டுரை பெரும்பாலும் அமெரிக்காவின் மெய்ன் மாநில அனுபவத்தை ஒட்டி எழுதப்பட்டது.

இக்கருவியின் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் முடிவுசெய்வது நிறுவும் முறைதான். நல்ல நிறுவனத்தின் கருவியே ஆனாலும், அளவு தவறினால் மின்சாரத்தை வீணாக்கும். குழாய் இணைப்பு தவறினால் சில ஆண்டுகளிலேயே குளிர்பதன வாயுவை இழந்து நின்றுவிடும்.

செயல்படும் விதம்

ஸ்பிளிட் ஏசி அறையின் வெப்பத்தை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதே வேலையைத் திருப்பியும் செய்யும். வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து அறைக்குள் விடும். திசையை மாற்றுவது வெளி யூனிட்டுக்குள் இருக்கும் நான்கு வழி வால்வு.

உறையும் குளிரிலும் காற்றில் வெப்பம் மிச்சம் இருக்கிறது. ஆர்-32 என்ற குளிர்பதனப் பொருள் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ −52° செல்சியஸிலேயே கொதித்துவிடும். எனவே வெளியே −20° இருந்தாலும், அழுத்தம் குறைந்த நிலையில் சுருளுக்குள் ஓடும் அப்பொருள் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கி ஆவியாகும். கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றி உள் யூனிட்டுக்கு அனுப்பும். அங்கே அது திரவமாக மாறும்போது தன் வெப்பத்தை அறைக்கு விடும்.

செலவாகும் மின்சாரத்தைப் போல் எத்தனை மடங்கு வெப்பம் கிடைக்கிறது என்பதே செயல்திறன் கெழு. வெளியே 8° அளவில் இருக்கும்போது நல்ல கருவியின் கெழு மூன்றைத் தாண்டும். குளிர் கூடக்கூட இது குறையும். கருவி தரக்கூடிய வெப்பத்தின் அளவும் குறையும். 'நீப்' எனப்படும் அமெரிக்க வடகிழக்கு ஆற்றல் திறன் அமைப்பு, குளிர்ப் பகுதிக்கு ஏற்ற கருவிகளைப் பட்டியலிடுகிறது. அதில் இடம்பெற −15° செல்சியஸிலும் கெழு 1.75-க்குக் குறையக் கூடாது. கெழு அந்த அளவுக்கு இறங்கினாலும், கொடுத்த மின்சாரத்தை அப்படியே வெப்பமாக்கும் மின்சுருள் ஹீட்டரைவிட அது முக்கால் மடங்கு கூடுதல்.

வரலாறு

ஹீட் பம்ப் கோட்பாட்டை 1852-இல் விளக்கியவர் பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன். ஆஸ்திரியாவின் எபன்சே உப்பாலையில் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் 1855–57 காலத்தில் அதைச் செயலில் காட்டினார். வீட்டுக் கருவிகளின் போக்கை மாற்றியது, கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் தொழில்நுட்பம். ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1981-இல் வீட்டு ஏசியில் அதைக் கொண்டுவந்தது. ஒரே வெளி யூனிட்டில் பல உள் யூனிட்டுகளை வெவ்வேறு அளவில் இயக்கும் முறையை டெய்கின் நிறுவனம் 1982-இல் பெரிய கட்டடங்களுக்காக அறிமுகம் செய்தது.

குளிர்காலம் கடுமையான மெய்ன் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் நெடுங்காலம் எண்ணெயால் சூடாக்கப்பட்டவை. எண்ணெய் விலை ஏறினால் அந்தக் குளிர்காலமே குடும்பங்களுக்குச் சுமையாகிவிடும். 2025-க்குள் 1,00,000 ஹீட் பம்ப்புகளை நிறுவும் இலக்கை அம்மாநிலம் 2019-இல் சட்டமாக்கியது. 2023-இலேயே இலக்கு எட்டப்பட்டது. அதன்பின் 2027-க்குள் மேலும் 1,75,000 என்ற புதிய இலக்கு அறிவிக்கப்பட்டது.

வெப்பத் தேவைக் கணக்கு

கருவியைத் தேர்வு செய்யுமுன் வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் இதற்கு 'மேனுவல் ஜே' என்ற கணக்கு முறை பயன்படுகிறது. சுவர், கூரை, தரை, சன்னல் ஆகியவற்றின் பரப்பும் வெப்பக் காப்பும், இடுக்குகள் வழியே கசியும் காற்றும் அதில் சேரும். கதவில் விசிறியைப் பொருத்தி, உள்ளும் வெளியும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாக்கி, கசிவை அளக்கிறார்கள். வடிவமைப்பு வெப்பநிலை என்ற ஒன்றும் வேண்டும். ஆண்டின் மொத்த நேரத்தில் 99 விழுக்காடு நேரம் வெளிக்காற்று இதைவிடக் குளிராது. மெய்னின் போர்ட்லண்ட் நகருக்கு இது ஏறத்தாழ −16°. வட எல்லையை ஒட்டிய கரிபூவில் −20°-க்கும் கீழே.

பரண் தளத்தில் காப்புப் பொருள் நிரப்புவதையும் இடுக்குகளை அடைப்பதையும் முதலில் முடித்துவிட வேண்டும். தேவை குறைந்தால் சிறிய கருவியே போதும். பெரிய கருவியை மாட்டிவிட்டுப் பிறகு வீட்டை இறுக்கினால், கருவி வீட்டுக்கு மிகைப்பட்டதாகிவிடும்.

மிகை அளவு என்னும் சிக்கல்

பல மண்டலக் கருவிகளில் அதிகம் நேரும் தவறு, அறைக்கு ஒன்று என்று உள் யூனிட்டுகளை மாட்டுவது. வீட்டாருக்கு இது வசதியாகத் தோன்றும், ஒப்பந்ததாரருக்கும் எளிது. ஆனால் கணக்கு வேறு விதமாக இருக்கிறது.

ஒரு வீட்டின் மொத்தத் தேவை −16° செல்சியஸில் 9 கிலோவாட் என்று கொள்வோம். உள்ளே 20° வேண்டுமென்றால், வெளியே 7° உள்ள நாளில் தேவை ஏறத்தாழ 3.25 கிலோவாட்டாக இறங்கிவிடும். குளிரின் உச்சத்தில் 0.8 கிலோவாட் கேட்கும் படுக்கையறைக்கு அன்று 0.3 கிலோவாட்கூடத் தேவையில்லை. ஆனால் சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய உள் யூனிட்டே பெரும்பாலும் 1.75 கிலோவாட் திறன் உடையது. பெரிய வெளி யூனிட்டின் கம்ப்ரசரோ எவ்வளவு மெதுவாக ஓடினாலும் 2 கிலோவாட் அளவுக்குக் கீழே இறங்காமல் போகலாம். அந்த ஓர் அறை மட்டும் வெப்பம் கேட்டால், கம்ப்ரசர் ஓடிய சில நிமிடங்களில் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். நிற்காமல் மெதுவாக ஓடுவதில்தான் இன்வெர்ட்டரின் சிக்கனம் இருக்கிறது. நின்று நின்று ஓடினால் அந்தச் சிக்கனம் போய்விடும், தேய்மானமும் கூடும்.

இன்னொரு குறையும் உண்டு. ஒரு மண்டலத்தை அணைத்து வைத்தாலும், குளிர்பதனப் பொருள் அங்கே தேங்காதிருக்க, அந்த மண்டலத்தில் அப்பொருளின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் விரிவாக்க வால்வு சிறிது திறந்தே இருக்கும். அதனால் ஆளில்லாத அறையும் சூடாகிக்கொண்டிருக்கும்.

இவற்றால் மெய்ன் மாநிலத்தின் ஆற்றல் சேமிப்பு அமைப்பான 'எஃபிஷியன்சி மெய்ன்', இயன்ற இடங்களில் ஒரு வெளி யூனிட்டுக்கு ஓர் உள் யூனிட் என்ற ஒற்றை மண்டலக் கருவிகளையே பரிந்துரைக்கிறது. வெளி இடம் குறைவாக உள்ளபோதும், தனி மின்சுற்றுகளுக்கு மின்பலகையில் இடம் இல்லாதபோதும் பல மண்டலம் பொருந்தும். அப்போதும் மண்டலங்களைக் குறைப்பதே நல்லது. கூடமும் சமையலறையும் திறந்தபடி இணைந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே யூனிட் போதும். அடுத்தடுத்த இரண்டு மூன்று படுக்கையறைகளுக்குக் கூரைக்குள் மறையும் மெல்லிய குழல்வகை யூனிட் ஒன்றை வைத்துக் காற்றைப் பிரித்துக் கொடுக்கலாம்.

வெளி யூனிட்டின் இடம்

குளிர்ப் பகுதியில் வெளி யூனிட்டைத் தரையில் நேராக வைக்கக் கூடாது. அப்பகுதியில் வழக்கமாகச் சேரும் பனியின் உயரத்துக்கு மேலே இரும்புத் தாங்கியில் நிறுத்த வேண்டும். தாங்கிக்குக் கீழே சரளைக்கல் படுக்கை போட்டால் உருகும் நீர் வடிந்துவிடும். கூரை விளிம்புக்கு நேர் கீழே வைத்தால் சொட்டும் நீர் விசிறியில் உறையும். சரியும் பனி கருவியை உடைக்கும். மரச்சட்ட வீடுகளில் சுவரில் மாட்டினால் அதிர்வு படுக்கையறை வரை கேட்கும்.

வெளிச் சுருளில் படியும் உறைபனியைக் கருவி அவ்வப்போது தானே உருக்கும். அந்தச் சில நிமிடங்களுக்கு நான்கு வழி வால்வு திசை மாறும். எல்லா மண்டலங்களிலும் சூடு நிற்கும். ஈரப்பதம் மிகுந்த 0° அளவிலான நாட்களில்தான் பனி அதிகம் படியும். கடுங்குளிரில் காற்று வறண்டிருப்பதால் படிவு குறைவு. உருகிய நீர் அடித்தட்டின் துளைகள் வழியே தானாக விழ வேண்டும். சூடான ஊர்களில் செய்வதுபோல் அத்துளைகளில் வடிகுழாய் இணைத்தால், நீர் குழாயிலேயே உறைந்து, பனிக்கட்டி மேலேறி விசிறியைத் தட்டும். அடித்தட்டைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள மாதிரியே இங்கே ஏற்றது.

குழாய்ப் பணி

உள் யூனிட் ஒவ்வொன்றுக்கும் வெளி யூனிட்டிலிருந்து, அல்லது இடையில் வைக்கும் கிளைப்பெட்டியிலிருந்து, இரண்டு செப்புக் குழாய்கள் போகும். சிறிய யூனிட்டுகளில் திரவக் குழாய் 6.35 மி.மீ., வாயுக் குழாய் 9.52 மி.மீ. விட்டம் கொண்டவை. இரண்டையும் தனித்தனியே காப்புறையில் பொதிய வேண்டும். சுவரில் போடும் துளை வெளிப்புறமாகச் சற்றுச் சரிந்திருந்தால்தான் கோடையில் வடிநீர் உள்ளே திரும்பாது. துளையைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்காமல் விட்டால் குளிர்காற்று சுவருக்குள் புகும்.

கசிவு பெரும்பாலும் தொடங்குமிடம் குழாய் முனையை விரித்துச் செய்யும் பிளேர் இணைப்பு. வெட்டிய குழாயைக் கவிழ்த்துப் பிடித்து, துகள் உள்ளே விழாமல் பிசிறைச் சுரண்ட வேண்டும். விரித்த முகத்தில் கீறல் இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். நட்டை முறுக்குவிசைத் திருகியால் இறுக்க வேண்டும். 6.35 மி.மீ. குழாய்க்குப் பொதுவாக 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 9.52 மி.மீ. குழாய்க்கு 33 முதல் 42. தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவே இறுதியானது. கைப்பழக்கத்தை நம்பி இறுக்கினால் செம்பு நசுங்கும், அல்லது நட்டு தளர்வாக நிற்கும். மண்டலங்கள் ஐந்தானால் இத்தகைய இணைப்புகள் குறைந்தது இருபது; ஒன்று கசிந்தாலும் வீடு முழுவதும் குளிரும்.

அடுத்து நைட்ரஜன் வாயுவை ஏற்றி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அழுத்தம் இறங்காமல் நின்றால், வாக்குவம் பம்ப்பால் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். மைக்ரான் மீட்டர் 500-க்குக் கீழே காட்ட வேண்டும். பம்ப்பை மூடிய பிறகும் அளவு ஏறாமல் நிற்க வேண்டும். கம்ப்ரசர் எண்ணெய் ஈரத்தை எளிதில் உறிஞ்சும் தன்மையது. தங்கிய ஈரம் அமிலமாகிக் கம்ப்ரசரை அரிக்கும். குழாயின் மொத்த நீளம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், கூடுதல் குளிர்பதனப் பொருளைத் தராசில் எடையிட்டு ஏற்ற வேண்டும். அமெரிக்காவில் இப்பணிக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 608-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை.

2025 முதல் அங்கே தயாராகும் புதிய வீட்டுக் கருவிகளில் புவி வெப்பமாக்கும் திறன் 700-ஐத் தாண்டும் குளிர்பதன வாயுக்களுக்கு இடமில்லை. இதனால் 2,088 அளவுள்ள ஆர்-410ஏ விலகி, 675 அளவுள்ள ஆர்-32, 466 அளவுள்ள ஆர்-454பி ஆகியவை வந்துள்ளன. இவை லேசாகத் தீப்பற்றக்கூடியவை என்பதால் கையாளும் விதிகளும் மாறியுள்ளன.

மின் இணைப்பும் ஓட்டிப் பார்த்தலும்

வெளி யூனிட்டுக்கு மின்பலகையிலிருந்து 240 வோல்ட் தனிச்சுற்றும், யூனிட்டின் பார்வையில் படும் இடத்தில் துண்டிப்பு சுவிட்சும் வேண்டும். மின்னழுத்தம் திடீரென உயர்ந்தால் கருவியின் சர்க்யூட் போர்டு எரியக்கூடும். அதற்கான பாதுகாப்பையும் சேர்ப்பது நல்லது.

பல மண்டலக் கருவிக்கே உரிய ஒரு தவறு, குழாயையும் கம்பியையும் மாற்றி இணைப்பது. 'அ' அறையின் குழாய் ஒரு முனையிலும் அதன் கம்பி வேறு முனையிலும் மாட்டப்பட்டால், 'அ' அறையின் ரிமோட்டை அழுத்தும்போது 'ஆ' அறை சூடாகும். எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டினால் இது வெளியே தெரியாது. ஒவ்வொரு மண்டலத்தையும் தனித்தனியே ஓட்டி, அந்தந்த யூனிட்டிலிருந்து சூடான காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பயன்பாடும் மாற்று ஏற்பாடும்

பெரும்பாலான பல மண்டலக் கருவிகளில் எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் சூடாக்கவோ குளிர்விக்கவோதான் முடியும். ஓர் அறைக்குச் சூடும் இன்னோர் அறைக்குக் குளிரும் கிடைக்காது. ஆகவே 'ஆட்டோ' நிலையைத் தவிர்த்து, பருவத்துக்கு ஏற்ப 'ஹீட்' அல்லது 'கூல்' என்று வைப்பதே சரி. இரவில் வெப்பநிலையை வெகுவாகக் குறைத்துக் காலையில் ஏற்றினால், கருவி முழு வேகத்தில் ஓடிச் சேமிப்பை அழித்துவிடும். ஒரே அளவில் விட்டுவைப்பது சிக்கனம். உள் யூனிட்டின் ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டும்.

பழைய கொதிகலனை நிறுத்திவிட்டால் நிலவறைக்கு அதனிடமிருந்து கிடைத்துவந்த வெப்பமும் நின்றுவிடும்; அங்குள்ள தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கலாம். நிலவறைச் சுவர்களுக்குக் காப்பிடுவதும் திட்டத்தில் இருக்க வேண்டும். மின்தடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1998 சனவரியில் மெய்ன் மாநிலத்தையும் கனடாவின் கியூபெக்கையும் தாக்கிய பனிமழைப் புயல் மின்கம்பிகளைச் சாய்த்து, பல வீடுகளை நாட்கணக்கில் இருளில் வைத்தது. மின்சாரம் இல்லாமல் ஹீட் பம்ப் ஓடாது. விறகு அடுப்போ ஜெனரேட்டரோ இல்லாமல் இதை மட்டும் நம்பியிருப்பது அப்பகுதியில் பாதுகாப்பானதல்ல.

ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியவை

அறைவாரியான வெப்பத் தேவைக் கணக்கு. வடிவமைப்பு வெப்பநிலையில் கருவி தரும் உண்மையான வெப்பம். வெளி யூனிட்டின் மிகக் குறைந்த திறன். உள் யூனிட்டுகளின் எண்ணிக்கைக்கான காரணம். அழுத்தச் சோதனையும் வாக்குவம் அளவும் பதிவான தாள். இந்த ஐந்தையும் வீட்டு உரிமையாளர் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். முறையாக வேலை செய்பவரிடம் இவை எப்படியும் இருக்கும். கணக்கே போடாமல் வீட்டின் பரப்பளவை மட்டும் கேட்டு விலை சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்காதிருப்பதே நல்லது; வாரண்டி முடிந்தபின்னும் பல குளிர்காலங்கள் அந்தக் கருவியோடு வாழப்போவது வீட்டார்தான்.