முத்துமாரியும் கொள்ளைநோய்க் காலங்களும்
மலாக்காத் தமிழரின் வேண்டுதல் வரலாறு

துன்பம் சூழும் காலத்தில் இறைவனை நாடுவது மனித குலத்தின் தொன்மையான இயல்பு. வெள்ளம், பஞ்சம், கடற்கோள், கொள்ளைநோய் ஆகியவை மனித ஆற்றலை மீறி எழும்போதெல்லாம் ஆலயமே மக்களின் இறுதிப் புகலிடமாக விளங்கி வந்திருக்கிறது.

மலாக்கா மாநிலம் கடற்கரையில் அமைந்திருப்பினும், கடலின் பெருஞ்சீற்றத்தினின்று பெரும்பாலும் காக்கப்பட்டே வந்துள்ளது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், மார்கழிப் பௌர்ணமியன்று எழுந்த ஆழிப்பேரலை, தமிழகத்தின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. மலேசியாவில் பினாங்கு, கெடா முதலிய பகுதிகளில் 68 பேர் மாண்டனர். மலாக்காக் கரையையோ சுமத்ரா தீவு அரணாக நின்று காத்தது. ஆயினும் இம்மாநிலத் தமிழருக்குப் பேரிடர் புதியதன்று. அவர்களை வாட்டிய பேரிடர் கடலலையாக வரவில்லை. அம்மையாகவும் காய்ச்சலாகவும் வந்தது. அக்காலத்தில் அவர்கள் செய்த வேண்டுதலின் வரலாறே இம்மாநிலத்து மாரியம்மன் வழிபாட்டின் வரலாறு.

இலக்கியம் காட்டும் வழி

நோய் நீங்க வேண்டும் மரபு தமிழில் மிகப் பழமையானது. கண்ணகியின் துயர முடிவுக்குப்பின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்ததையும், வெப்பு நோயும் கொப்புள நோயும் மக்களைத் தொடர்ந்ததையும், பத்தினித் தெய்வத்திற்கு விழா எடுத்தபின் மழை பெய்து துன்பம் தீர்ந்ததையும் சிலப்பதிகாரம் கூறுகிறது.

திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூர் என்னும் திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது, உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. பனிக்காலத்தில் அந்நோய் வருவது அந்நாட்டின் இயல்பு என்று பலரும் கூறினர். பிள்ளையார் அதனை விதியென்று விட்டுவிடவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடி வேண்டினார். அடியாரை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டு அந்நோய் அகன்றது என்கிறது பெரியபுராணம். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோதோ, சம்பந்தரும் அப்பரும் இறைவன் அளித்த படிக்காசைக் கொண்டு அடியார்க்கு நாள்தோறும் அமுதளித்தனர். தன்னோடு இருப்போருக்காக வேண்டுதல், வேண்டியபின் கைகொடுத்தல் என்னும் இரண்டும் அருளாளர் காட்டிய நெறிகளாகும்.

காஜா பெராங் அன்னை

மலாக்கா சுல்தான்களின் ஆட்சி சிறந்திருந்த 15ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து வாணிகம் செய்ய வந்த தமிழர் இவ்வூரில் நிலைத்து, உள்ளூர்ப் பெண்டிரை மணந்து வாழ்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். 1511இல் போர்த்துக்கீசியரும், 1641இல் டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் இந்நகரைக் கைக்கொண்டனர். ஆட்சிகள் மாறின, வீட்டு மொழி மலாயாயிற்று, உடையும் உணவும் இம்மண்ணுக்கேற்ப அமைந்தன. ஆனால் சைவ நெறியை அவர்கள் கைவிடவில்லை. 1781இல் பொற்கொல்லர் தெருவாகிய ஜாலான் துக்காங் எமாஸில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும், 1822இல் காஜா பெராங்கில் எழுந்த ஸ்ரீ முத்து மாரியம்மன் ஆலயமும் அதற்குச் சான்றுகள்.

மாரியம்மன் திருவிழாவை இச்சமூகத்தார் 'டத்தோ சாச்சார்' விழா என்று அழைப்பர். 'டத்தோ' என்பது மலாயில் மரியாதைச் சொல். 'சாச்சார்' என்பது அம்மை நோயைக் குறிப்பது. அம்மையைத் தணிக்கும் தெய்வத்திற்கு எடுக்கும் விழா என்பதே அதன் கருத்து. கொடியேற்றத்துடன் தொடங்கி ஏறத்தாழ பத்து நாள், ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலுமாக இவ்விழா நடைபெறும். பால்குடமும் காவடியும் ஏந்தி, அன்னையின் இரதத்தோடு அடியார்கள் ஊர்வலம் வருவர். தமிழ் பேச மறந்த நாவும் தாயை மறக்கவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வேப்பிலையும் தனிமையும்

பெரியம்மை கண்டவருள் பத்துக்கு மூவர் இறந்துபடுவர். பிழைத்தவருள்ளும் பலர் முகத்தில் தழும்போடு வாழ்ந்தனர். சிலர் கண்ணொளி இழந்தனர். இத்தகைய கொடுநோயை நம் முன்னோர் 'முத்து' என்றும், 'அன்னை வந்திருக்கிறாள்' என்றும் கூறினர். நோயாளியை வெறுத்து ஒதுக்காது, அன்னை எழுந்தருளிய உடலாகக் கருதிப் பேணுவதற்கு இச்சொல்லே வழிசெய்தது.

வாசலில் வேப்பிலை செருகுவர். அதனைக் கண்டவுடன் அயலார் உள்ளே வருவதைத் தவிர்ப்பர். வீட்டார் பிற இல்லங்களுக்குச் செல்லார். சமையலில் தாளிப்பு இராது. இளநீரும் கூழும் போன்ற குளிர்ந்த உணவே தரப்படும். முத்து இறங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு வார்ப்பர். நோய் பரவாமல் தடுக்கும் தனிமைப்படுத்தல் முறை பக்தி வடிவில் இல்லந்தோறும் இவ்வாறு கடைப்பிடிக்கப்பட்டது.

அதே வேளையில் ஒரு குறையையும் மறைத்தல் தகாது. அம்மை குத்திக்கொண்டால் அன்னை சினங்கொள்வாள் என்று அஞ்சி விலகியோரும் உண்டு. 1796இல் எட்வர்டு ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு கண்ட தடுப்பு முறை காலப்போக்கில் அவ்வச்சத்தை வென்றது. 1980ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை உலகினின்று முற்றும் ஒழிந்ததாக அறிவித்தது. நோய் மறைந்தும் விழா மறையவில்லை. வேண்டுதலாகத் தொடங்கியது நன்றிக்கடனாக நிலைபெற்றது.

தோட்டத்துக் காய்ச்சல்

1896இல் டான் சாய் யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் அது விரிவடைந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழில் வரலாற்றின் தொடக்கத்தில் இவ்வாறு இம்மாநிலத்திற்கும் இடம் உண்டு. தோட்டங்கள் பெருகப் பெருக, கங்காணிகள் வாயிலாகத் தமிழகத் தொழிலாளர் திரளாக வந்தனர். நாகப்பட்டினம், சென்னைத் துறைகளில் கப்பலேறிப் பினாங்கு வந்தோரில் பலர், அம்மையும் வாந்திபேதியும் பரவாதிருக்கும் பொருட்டுப் பூலாவ் ஜெரஜாக் தீவில் நிறுத்திவைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

காட்டை அழித்தபோது குன்றோர ஓடைகளின் மேலிருந்த நிழல் நீங்கியது. வெயில் படும் ஓடைநீரில் மலேரியாக் கொசுக்களுள் ஒருவகை செழித்துப் பெருகியது. காட்டை வெட்டிய கைகளையே குளிர்காய்ச்சல் முதலில் பற்றியது. 1897இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் அமைத்தும், பின்னர் ஓடைகளில் எண்ணெய் தெளித்தும் அந்நோயை அடக்க வழிகாட்டினார். அம்முறைகள் தோட்டந்தோறும் பரவும்வரை லயங்களில் இறப்பு மலிந்தே இருந்தது. 1918இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சலும் மலாயாவில் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது.

உற்றார் கடலுக்கு அப்பால். மருந்து கசக்கும் கொயினா. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய கட்டாயம். இந்நிலையில் தொழிலாளர் ஒரு மரத்தடியில் கல்லை நாட்டி, மஞ்சள் பூசி, மாரியம்மா என்றழைத்தனர். தகரக் கொட்டகையாயினும் அது தாய்வீடாயிற்று. காப்புக் கட்டி, கரகம் எடுத்து, தீச்சட்டி ஏந்தி, கூழ் வார்த்து அவர்கள் செய்த ஆண்டுத் திருவிழாவில் ஒருவர் வேண்டுதல் அனைவர் வேண்டுதலாயிற்று. பிள்ளையை இழந்த தாயும் பிழைத்தெழுந்த பிள்ளையின் தாயும் ஒரே கூழ்ப்பானையின் முன் நின்றனர். இழந்தவளுக்கு ஆறுதலும் பெற்றவளுக்கு அடக்கமும் அங்கே கிடைத்தன. அச்சந்நிதிக்கு உயர்ந்த கோபுரம் இல்லாதிருக்கலாம். அது தாங்கிய கண்ணீரின் கனம் பெரிது.

அன்னையே அடைத்த கதவு

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. கொரோனா பெருந்தொற்றின் காரணமாக ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டன. ஜூன் மாதத்தில் கட்டுப்பாடுகளுடன் வழிபாட்டுத் தலங்கள் திறக்கப்படும்வரை பக்தர்கள் சந்நிதியில் கூட இயலவில்லை. டத்தோ சாச்சார் விழாவுக்குரிய நாள்களும் அக்காலத்திலேயே வந்து சென்றன. கொள்ளைநோயைத் தணிக்க வேண்டி எடுக்கும் விழா கொள்ளைநோயாலேயே தடைப்பட்டது கண்டு மனம் கலங்கியோர் பலர்.

ஆனால் முன்னோர் நெறியை எண்ணிப் பார்ப்போருக்கு அதில் முரண் இல்லை. வாசலில் வேப்பிலை செருகி, வெளியே செல்லாது, பிறரைக் காக்கத் தம்மைத் தனிமைப்படுத்திக் கொண்ட அதே ஒழுக்கமே அன்று நாடு முழுவதற்கும் விதியாயிற்று. வீட்டுப் பூசையறையில் ஏற்றிய ஒற்றை விளக்கும் அன்னைக்குரிய திருவிழாவே. 2021 பிப்ரவரியில் நாட்டில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, ஊசியும் வேண்டுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை முந்தைய தலைமுறையினரின் பட்டறிவு முன்கூட்டியே உணர்த்தியிருந்தது.

நிலைக்க வேண்டியது

தோட்டங்கள் பல இன்று துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறியுள்ளன. லயங்களில் வாழ்ந்தோரின் பிள்ளைகள் நகரங்களில் குடியேறிவிட்டனர். மரத்தடி மாரியம்மன் சந்நிதி எங்கிருந்தது என்று சுட்டிக்காட்டவல்ல முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்கள் வேண்டிய காரணமும் அவர்களோடு மறைந்துவிடலாகாது. விழா எதற்காக எடுக்கப்பட்டது என்பதை அறியாத தலைமுறைக்குத் தீச்சட்டி வெறும் காட்சியாகிவிடும். அறிந்த தலைமுறைக்கோ அது பாட்டனார் பட்ட துயரின் நினைவும், அதனினின்று எழுந்த நம்பிக்கையின் சுடருமாகும்.

இனியும் வெள்ளம் வரலாம், நோய் வரலாம். அப்போதும் அயலாரின் துன்பத்தைத் தன் துன்பமாக எண்ணி வேண்டும் உள்ளமும், வேண்டியபின் ஒரு கலயம் கூழ் வார்க்கும் கையும் இம்மாநிலத்துத் தமிழரிடம் குன்றாதிருக்க அன்னை முத்துமாரி திருவருள் புரிவாளாக.

ஓம் சக்தி.