தன்னார்வத் தமிழ் மென்பொருள்களின் நிலைபேறு: பினாங்கிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

1883ஆம் ஆண்டில் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ என்னும் இதழை நடத்தினார். பின்னர் அவ்விதழ் நாகூரிலிருந்து வெளிவரலாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜார்ஜ் டவுனில் தோன்றிய தமிழ் இதழ்கள் பெரும்பாலும் ஒருவரது உழைப்பையும் சிலரது பொருளுதவியையும் நம்பி நின்றவை. அவை தளர்ந்தபோது இதழ்களும் நின்றுபோயின. ஆயினும், அச்சான இதழின் ஒரு படி எஞ்சியிருப்பின் அதனை இன்றும் படிக்கலாம். அச்சகம் மூடப்பட்டதால் எழுத்து மறைவதில்லை. கணினியில் எழுதப்பட்ட தமிழின் நிலை வேறு. எழுத உதவிய கருவி மறையின், எழுதியதும் படிக்க இயலாததாகிவிடக்கூடும். ஆதரவு நீங்கிய பின்னரும் சில தன்னார்வக் கருவிகள் நிலைத்தமைக்குரிய காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்துருக்களின் காலம்

1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் இலவசமாக வழங்கிய மயிலை எழுத்துருவும் அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்டன. ஒன்றில் தட்டச்சு செய்த கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். இக்குறையை நீக்கப் பல நாட்டுத் தன்னார்வலர் கூடி ‘தஸ்கி’ குறியேற்றத்தை வகுத்தனர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ‘டாம்’, ‘டாப்’ ஆகியவற்றை ஏற்றது. 2010இல் அவ்வரசே ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. அரசின் ஆதரவு பெற்ற குறியேற்றங்களும் தன்னார்வலர் வகுத்த குறியேற்றமும் இவ்வாறு பழையனவாயின.

எனினும், அவற்றில் எழுதப்பட்டவை முற்றிலும் அழிந்துவிடவில்லை. அவற்றின் குறியேற்ற அட்டவணைகள் வெளிப்படையாக இருந்தமையே அதற்குக் காரணம் எனலாம். சுரதாவின் ‘பொங்குதமிழ்’ மாற்றி இதற்குச் சிறந்த சான்றாகும். பழைய குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றும் அக்கருவி உலாவியிலேயே இயங்குவது; அதன் நிரல் முழுவதும் பக்கத்தோடு வந்துவிடும். ஆகவே எவரும் அதனைத் தம் கணினியில் சேமித்துப் பயன்படுத்த முடிந்தது.

எ-கலப்பையும் கீமேனும்

முகுந்தராஜும் ‘தமிழா’ குழுவினரும் இலவசமாக வழங்கிய எ-கலப்பை, 2000களில் ஒருங்குறித் தமிழைப் பலருக்கு எளிதாக்கிய கருவியாகும். மலேசியாவில் பிறந்த அஞ்சல் விசைப்பலகை முறையும் அதில் இடம்பெற்றிருந்தது. ஆனால், அக்கருவியை இயக்கிய கீமேன் பொறி வேறொரு நிறுவனத்திற்குரியது. அதன் மூலநிரல் அப்போது வெளியிடப்படவில்லை. கலப்பை தன்னார்வலருடையது, அதனை இழுத்த மாடு பிறருடையது என்னும் நிலையே அன்று இருந்தது. பின்வந்த பதிப்பு கீமேனைச் சாராது, திறந்த மூலமாகப் புதிதாக எழுதப்பட்டமை இக்கருவியின் வரலாற்றில் முக்கியத் திருப்பமாகும். கீமேனும் 2015இல் எஸ்.ஐ.எல். அமைப்பின் பொறுப்புக்கு வந்து, பின்னர் மூலநிரல் திறந்த கருவியாயிற்று. உரிமையாளர் மாறியபோதும் கருவி தொடர்ந்ததை இங்குக் காண்கிறோம்.

இடமும் இடமாற்றமும்

நிரல் வெளிப்படையாக இருப்பினும் அது தங்குவதற்கு ஓரிடம் வேண்டும். தனிமனிதர் பலர் இலவசப் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் சேவையை யாகூ 2009இல் மூடியது. திறந்த மூலத் திட்டங்கள் பல தங்கியிருந்த கூகுள் கோட் 2016இல் மூடப்பட்டது. பின்னதில் வேறிடத்திற்கு மாற்றிக்கொள்ளக் காலமும் கருவியும் தரப்பட்டன. ஆயினும், பொறுப்பாளர் ஒருவர் இருந்த திட்டத்திற்கே அவை பயன்பட்டிருக்கும்.

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இவ்வகையில் கருதத்தக்கது. ஊதியமின்றித் தன்னார்வலர் தட்டச்சு செய்த நூல்களை அத்திட்டத்தினர் தஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றினர். கருவிகள் மாறியபோது நூல்களையும் உடன் கொண்டுசென்றமையே அதன் நிலைபேற்றுக்குக் காரணமாகும். பினாங்கில் பிறந்த முனைவர் க. சுபாஷிணி, முனைவர் நா. கண்ணனோடு இணைந்து 2001இல் தொடங்கிய தமிழ் மரபு அறக்கட்டளையும் தன்னார்வலர் உழைப்பில் வளர்ந்த மின்னாக்க முயற்சியே. இத்தகைய முயற்சிகளில் தொடங்கியவருக்குப் பின் யார் என்னும் வினா எப்போதும் உடனிருப்பதாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. குறியேற்றமும் மூலநிரலும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். படிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருத்தல் வேண்டும். பொறுப்பேற்கும் அடுத்தவர் முன்னரே பழகியிருத்தல் வேண்டும். முதலிரண்டும் ஒருமுறை செய்து முடிக்கத்தக்கவை. மூன்றாவது இடைவிடாது செய்யப்பட வேண்டியது. ஆதலின் அதுவே அரிதாக உள்ளது.

பினாங்கு உள்ளிட்ட ஊர்களில் பள்ளிகளும் சங்கங்களும் ஆலயங்களும் 1990களில் தட்டச்சு செய்த மலர்களும் பாடக்குறிப்புகளும் பழைய வட்டுகளில் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைப் படிக்க வல்ல மாற்றிகள் இயங்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது அறிவுடைமை. அப்பணியை மாணவரோடு இணைந்து செய்யும் தமிழாசிரியர், கோப்புகளைக் காப்பதோடு அக்கருவிகளுக்கு அடுத்த பொறுப்பாளரையும் உருவாக்கியவராவார்.