உங்கள் வீட்டு அலுமாரியில் பூ செதுக்கியது யார்?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பழைய தளபாடங்களுக்குப் புது அழகு கொடுக்கும் வேலை இப்போது பல வீடுகளில் நடக்கிறது. அலுமாரிக் கதவில் ஸ்டென்சிலை ஒட்டி, அதன் மேல் வோல் புட்டியைத் தடிப்பாக இழுத்துவிட்டு, ஸ்டென்சிலை மெதுவாக உரித்து எடுத்தால் பூவும் கொடியும் புடைத்து நிற்கும். காய்ந்த பிறகு சாண்ட் பேப்பரால் தேய்த்து, பெயின்ட் அடித்தால் முடிந்தது. நல்ல பொழுதுபோக்கு. செலவும் குறைவு.

மரத்தில் பூவைப் புடைக்க வைக்க இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, மேலே ஏதாவது சேர்ப்பது. மற்றது, பூவை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுப்பது. சேர்க்கும் வழி புதிதல்ல. தஞ்சாவூர் ஓவியங்களில் தங்கத் தாளுக்குக் கீழே சுண்ணத்தூளும் பசையும் குழைத்துப் புடைப்பு வைப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரொபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் அலங்காரம் செய்த மாளிகைகளிலும், அச்சில் வார்த்து ஒட்டிய பூவேலை நிறைய உண்டு. ஆனால் நம் ஊர்ப் பழைய தளபாடங்களின் பெருமை இரண்டாவது வழியில்தான் இருக்கிறது. அதில் உளி ஒரு முறை பிழைத்தால் மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

அந்தத் தளபாடங்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு: நான்கும் போர்த்துக்கேயச் சொற்கள். லாச்சி ஒல்லாந்தச் சொல். 1656ல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். 1796ல் ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். ஆட்சிகள் போய்விட்டன, சொற்கள் நம் வீட்டுக்குள் தங்கிவிட்டன. பெட்டகம் மட்டும் நம்முடைய சொல். சிங்களத்திலும் அதை 'பெட்டகம' என்றுதான் சொல்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்துப் பித்தளைப் பூண் போட்ட பெரிய பெட்டகங்கள் இன்றும் சில குடும்பங்களில் இருக்கின்றன.

பெயர் கடல் கடந்து வந்தது. அப்படியானால் செதுக்கிய கை யாருடையது?

இங்கே ஒரு சுவையான வரலாறு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஹொரஸ் வோல்போல் என்ற எழுத்தாளர் வாழ்ந்தார். பிரதமராக இருந்த ரொபர்ட் வோல்போலின் மகன். பழம்பொருட்களில் பெரும் பிரியர். முறுக்குக் கால்களும் நெருக்கமான பூவேலையும் கொண்ட கருங்காலிக் கதிரைகளை அவர் ஈஷர் என்ற இடத்து மாளிகையில் கண்டார். அந்த மாளிகையோடு தொடர்புடையவர் 1530ல் இறந்த கர்தினால் வுல்சி. ஆகவே கதிரைகளும் அந்தக் காலத்து ஆங்கிலேயத் தச்சரின் வேலைதான் என்று நம்பினார். அதே மாதிரிக் கதிரைகளைத் தேடி வாங்கித் தன் ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகையிலும் வைத்தார். அவரைப் பார்த்து மற்றப் பிரபுக்களும் வாங்கினார்கள்.

உண்மை வேறு. அந்த வகைக் கதிரைகள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை. வுல்சி இறந்து நூறு வருடங்களுக்கும் மேல் கழிந்த பிறகு! அந்தக் கரையில் பழவேற்காடும் நாகபட்டினமும் ஒல்லாந்தக் கம்பனியின் துறைகள். கதிரையின் வடிவம் ஐரோப்பியருடையது. அதில் அங்குலம் விடாமல் படரும் கொடியும் பூவும் அந்தக் கரையின் சீத்தைத் துணிகளில் வரைந்த பூக்களுக்கு உறவு. இதே பாணி பத்தேவியாவிலும் நம் இலங்கையிலும் வளர்ந்தது. தமிழ்க் கரையில் பிறந்த வேலை, சீமையில் ஒரு கர்தினாலின் பெயரில் வாழ்ந்திருக்கிறது. செதுக்கியவர்கள் தங்கள் பெயரை எங்கேயும் பதித்து வைக்கவில்லை. அதனால் வேறொருவர் பெயரை ஒட்டுவது எளிதாகப் போய்விட்டது.

கருங்காலி தண்ணீரில் மிதக்காத மரம். அவ்வளவு பாரம், அவ்வளவு இறுக்கம். அதில் ஒரு இதழைப் புடைக்க வைக்க எத்தனை நாள் உளி பிடித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒல்லாந்தர் காலக் கொழும்பில் தென்னிந்தியாவிலிருந்தும் கிழக்குத் தீவுகளிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏராளம். கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்ற பெயர் வந்தது அவர்களால்தான். பழைய வேலைப்பாட்டைப் பார்த்து வியக்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

அந்தக் காலத்தைப் பார்க்கத் தூரம் போகத் தேவையில்லை. கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு வுல்பெண்டால் தேவாலயம் நடந்து போகும் தூரம். 1749ல் தொடங்கி 1757ல் முடித்த கட்டடம். புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால அருங்காட்சியகம் இருக்கிறது. ஆளுநர் தோமஸ் வான் ரீ வாழ்ந்த வீடு அது. பிறகு அங்கே ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள் என்பது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தனி மகிழ்ச்சி. 1982ல்தான் அருங்காட்சியகமானது.

நம் முஸ்லிம் வீடுகளில் உருவம் செதுக்கிய சாமான்களைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. பூ, கொடி, இலை, கோலம் போன்ற கோடுகள், இவ்வளவுதான். ஆகவே உங்கள் உம்மம்மா காலத்து அலுமாரியில் இருக்கும் அந்தக் கொடி, கடைக்காரர் கொடுத்ததை அப்படியே எடுத்ததாக இருக்காது. பார்த்துத் தெரிந்தெடுத்ததாக இருக்கும்.

வெள்ளவத்தையில் பழைய வீடுகள் இடிந்து மாடிக் குடியிருப்புகள் எழும்புகின்றன. பெரிய அலுமாரி லிஃப்டுக்குள் நுழையாது. பழைய சாமான் வாங்குபவர் வாசலுக்கே வருவார். அவர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். கொடுக்காதவர்கள் சிலர், "பழசாகத் தெரிகிறதே" என்று செதுக்கு வேலையின் பள்ளங்களைப் புட்டியால் நிரப்பி, வெள்ளை பெயின்ட் அடித்து, அதன் மேல் ஸ்டென்சில் பூ வைக்கிறார்கள். பூவை மூடிவிட்டுப் பூ வைப்பது!

ஸ்டென்சில் வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. சிப்போர்ட் அலுமாரியிலும் வெறும் பலகைக் கதவிலும் தாராளமாகச் செய்யுங்கள், பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையால் செதுக்கியது என்று தெரிந்தால் அதில் மட்டும் புட்டி வைக்காதீர்கள். தெரிந்துகொள்வது எளிது. ஒரே கதவில் இருக்கும் இரண்டு பூக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். கைவேலை என்றால் இரண்டும் அச்சாக ஒன்றாக இருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்: இதை எங்கே வாங்கினீர்கள்? செய்தவர் மொறட்டுவைப் பாஸா, நம் தெருவில் இருந்த ஒருவரா? பெயர் ஞாபகம் இருக்கிறதா? சொல்வதை ஒரு தாளில் எழுதி, திகதி போட்டு, அந்த அலுமாரியின் லாச்சிக்குள்ளேயே வையுங்கள். சோழமண்டலக் கரையில் அந்தக் கருங்காலியைச் செதுக்கியவரின் பெயர் நமக்கு இனிக் கிடைக்காது. உங்கள் வீட்டு அலுமாரியைச் செய்தவரின் பெயர் இன்னும் கிடைக்கக்கூடும்.