ஏரிகளின் நடுவே ஒரு செங்கல் நகரம்

போலந்து நாடு என்றதும் நம் பங்கு மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர்தான். 1986 பிப்ரவரி 5ந் தேதி அவர் சென்னைக்கு வந்ததை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழும் பெரியவர்கள் உண்டு. அந்நாட்டின் செஸ்டகோவா மாதாவின் படமும் சில வீடுகளில் இருக்கிறது. ஆனால் தலைநகர் வார்சாவிலிருந்து வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், ஏரிகளின் நடுவே இருக்கும் ஒல்ஷ்டின் நகரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நம்மில் சிலரே. மாதா பக்தியும், வான சாஸ்திரமும், தாய்மொழிப் பற்றும் ஓரிடத்தில் கூடிய ஊர் அது. ஜூபிலி மலரைப் புரட்டும் அன்பர்களை அவ்வூருக்கு ஒருமுறை அழைத்துச் செல்வது தகும் என்று தோன்றியது.

நகர எல்லைக்குள்ளேயே பத்துக்கு மேற்பட்ட ஏரிகள். அவற்றில் பெரியதான உக்கியெல் ஏரியின் பரப்பு சுமார் 4 சதுர கிலோமீட்டர். பழைய ஊரைச் சுற்றி வளைந்து ஓடும் ஆற்றின் பெயர் அவர்கள் வாயில் ஏறத்தாழ 'வினா' என்றே ஒலிக்கும். நமக்கு அது கேள்வியாகக் கேட்கிறது! இன்று அந்நகரின் மக்கள் தொகை ஏறத்தாழ 1,70,000.

நகருக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது சிவப்பு நிறம். கோட்டை, நகர வாயில், ஆலயம் எல்லாம் செங்கல். நமக்கு இது சற்று வியப்பாக இருக்கும். நம் திருமலையில் பாறையிலேயே நேமிநாதரை நெடிதுயர்ந்து நிற்கச் செதுக்கினார்கள். செஞ்சிக்கு அருகில் மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி இந்தக் கோவிலை ஆக்கினேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் 7ம் நூற்றாண்டில் பெருமையோடு கல்லில் எழுதி வைத்தான். வட போலந்தின் சமவெளியிலோ அப்படி வெட்டி எடுக்க மலைப்பாறையே இல்லை. முற்காலத்துப் பனிப்பாறைகள் உருட்டிக்கொண்டு வந்து போட்ட உருண்டைக் கற்கள் மட்டும் வயல்களில் கிடந்தன. அவற்றை அஸ்திவாரத்துக்குப் போட்டுவிட்டு, களிமண்ணை அறுத்துச் சூளையில் சுட்டு, அதைக் கொண்டே வானளாவக் கட்டினார்கள். பிரான்ஸ் தேசத்தார் கல்லில் செய்த கூரிய வளைவுகளையும் உயர்ந்த ஜன்னல்களையும் இவர்கள் செங்கல்லில் செய்தார்கள். இதையே 'செங்கல் கோதிக்' என்பார்கள். நம் கோபுரங்களும் அடித்தளம் மட்டுமே கல். மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும்தான் என்பதை நினைத்தால் இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

ஒரு செங்கல் நீளவாக்கில், அடுத்தது குறுக்கே, மறுபடி நீளவாக்கில் என்று வரிசை போகும். சூளையில் அதிகம் வெந்து கருத்த கற்களை எறியாமல், சுவரில் சாய்சதுரக் கோலம் விழும்படி இடையிடையே வைப்பார்கள். பாவும் ஊடையும் அறிந்த ஆரணி நெசவாளிக்கு அந்தச் சுவரைக் காட்டினால் விளக்கம் தேவைப்படாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். அந்நிலத்தின் பூர்வகுடிகளான பிரஷ்யர் என்போர் கிறிஸ்தவர் அல்லர். 13ம் நூற்றாண்டில் ஜெர்மானிய வீரத்துறவிகள், அங்கியில் சிலுவையும் கையில் வாளுமாக வந்து அவர்களை அடக்கினார்கள். வேதம் இவ்விதம் பரவியது நமக்குப் பெருமையல்ல. ஆயினும் மறைப்பது முறையாகாது. அந்தப் பூர்வகுடிகள் செதுக்கிய கல்லுருவம் ஒன்று கோட்டை முற்றத்தில் இன்றும் இருக்கிறது. நம் செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு அதன் எளிமை மனத்தைத் தொடும்.

வீரத்துறவிகள் வென்ற நாட்டில் 1243ல் வார்மியா மேற்றிராசனம் ஏற்படுத்தப்பட்டது. அதன் நிலங்களில் ஒரு பகுதி மேற்றிராணியாருக்கும், ஒரு பகுதி கத்தீட்ரல் குருமன்றத்துக்கும் உரியவை. ஒல்ஷ்டின் குருமன்றத்தின் பங்கில் வந்தது. 1346க்குப் பின் கோட்டை எழும்பியது. 1353ல் நகர உரிமை கிடைத்தது. 1466ல் வார்மியா போலந்து அரசரின் ஆட்சிக்குள் வந்தது.

நகரின் நடுவே புனித யாகப்பர் ஆலயம். 14ம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வேலை, கோபுரம் முடிய இருநூறு ஆண்டுகள் பிடித்தது. கோபுரம் 60 மீட்டருக்கு மேல் உயரம். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், நடுக்கூடத்தின் வளைவு வலை விரித்தாற்போலவும், பக்கக் கூடங்களின் வளைவு காகிதத்தை மடித்து மடித்து விரித்தாற்போலவும் இருக்கும். 1807ல் நெப்போலியனின் படை சுமார் 1,500 ரஷ்யக் கைதிகளை இதற்குள் அடைத்து வைத்தது. குளிர் தாங்காமல் அவர்கள் மரச் சாமான்களை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். ஆதலால் பழைய பீடங்களையும் இருக்கைகளையும் இப்போது தேடிப் பயனில்லை. அந்தக் கைதிகளைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இந்த நகரின் புகழ் எல்லாம் ஒரு மனிதரைச் சுற்றியது. பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று நிறுவிய நிக்கோலாஸ் கொப்பர்நிக்கஸ் வார்மியா குருமன்றத்தின் உறுப்பினர். 1473ல் தோருன் நகரில் பிறந்தவர். 1516 முதல் 1519 வரையிலும், மீண்டும் 1520-21லும் ஒல்ஷ்டின் கோட்டையில் இருந்து குருமன்ற நிலங்களை நிர்வகித்தார். பாடப் புத்தகத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கொப்பர்நிக்கஸை மட்டுமே நாம் அறிவோம். இங்கே அவர் செய்த வேலை கிராமம் கிராமமாகப் போய், குடியானவர் கைவிட்டுப்போன தரிசு நிலங்களில் புதுக் குடிகளை அமர்த்துவது. யாருக்கு எந்த நிலம், மாடு எத்தனை, குதிரை எத்தனை, எத்தனை ஆண்டுக்குக் குத்தகை தள்ளுபடி என்று தம் கைப்பட எழுதினார். அந்தக் கணக்கு இன்றும் இருக்கிறது. நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக் கலப்படம் செய்தால் நாடு கெடும் என்று 1517ல் எழுதினார். பின்னர் 1531ல் ஒல்ஷ்டின் நகருக்காக ரொட்டி விலைக் கணக்கு ஒன்றும் செய்தார்: தானியத்தின் விலை ஏறினால் ஒரு காசு ரொட்டியின் எடை எவ்வளவு குறையலாம், இறங்கினால் எவ்வளவு கூட வேண்டும் என்ற பட்டியல் அது. ஏழையின் வயிற்றைப் பற்றிய இந்தக் கணக்கு, அவருடைய கிரகக் கணக்குக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்பது என் எண்ணம்.

வீரத்துறவிகளோடு போர் மூண்டபோது அவர் கோட்டைக்குள்ளேயே தங்கி, உணவும் ஆயுதமும் சேர்த்து வைத்தார். 1521 ஜனவரியில் அவர்கள் வந்து தாக்கினர், கோட்டை விழவில்லை.

அந்தக் கோட்டை நடையின் சுவரில் ஏறத்தாழ 7 மீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்பு பூசி, கோடுகள் வரைந்து வைத்திருக்கிறார். எதிரே வைத்த கண்ணாடியில் பட்ட வெயில் சுவரில் புள்ளியாக விழும். அது நாளுக்கு நாள் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று குறித்து, இரவும் பகலும் சமமாகும் நாளைக் கணக்கிட்டார். இது வெறும் ஆராய்ச்சி அல்ல. பாஸ்குத் திருநாள் அந்தச் சமநாளைக் கொண்டே குறிக்கப்படுகிறது. அக்காலத்துப் பஞ்சாங்கமோ பத்து நாள் பிசகியிருந்தது. 1582ல் திருத்தந்தை 13ம் கிரகோரியார் அந்தப் பத்து நாளை நீக்கினார். கொப்பர்நிக்கஸ் தம் பெரிய நூலைத் திருத்தந்தை 3ம் சின்னப்பருக்கே காணிக்கையாக்கினார். அது அச்சான 1543லேயே அவர் காலமானார். 1616ல் திருச்சபை அந்நூலைத் திருத்தும்வரை வாசிக்கலாகாது என்றது. 1835ல் வெளியான தடைப் பட்டியலில் அது இல்லை. சுவரிலிருந்த கோடுகளில் ஒரு பகுதி இன்னும் அழியாமல் இருக்கிறது. அங்கே போகிறவர் வேறெதைப் பார்க்காவிட்டாலும் அதைப் பார்க்க வேண்டும்.

1772ல் போலந்தை அண்டை அரசுகள் பங்கு போட்டபோது வார்மியா பிரஷ்யாவுக்குப் போயிற்று. நூறு ஆண்டுக்குப் பின், பிஸ்மார்க் காலத்தில், திருச்சபையின்மேல் கெடுபிடி வந்தது. குருக்கள் இல்லாத பங்குகள் பெருகின. பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் மொழி மட்டுமே என்று உத்தரவாயிற்று. திருப்பலி அங்கும் நம் பாட்டனார் காலத்தைப்போல் லத்தீன்தான். ஆனால் ஞானோபதேசமும் செபமாலையும் பாட்டும் வீட்டு மொழியில் இருந்தன. அந்த மொழி பறிபோனால் மனுஷன் எதைக்கொண்டு செபிப்பான்?

அந்நிலையில் 1877 ஜூன் 27ந் தேதி, ஒல்ஷ்டினுக்கு அருகில் உள்ள கியெட்ஷ்வாவ்ட் என்னும் கிராமத்தில், புதுநன்மைக்கான பரீட்சை முடிந்து தாயோடு வீடு திரும்பிய 13 வயது யுஸ்தினா ஷஃப்ரின்ஸ்கா, கோவில் எதிரே நின்ற மேப்பிள் மரத்தில் தேவமாதாவைக் கண்டாள். பிறகு 12 வயது பார்பரா சமுலொவ்ஸ்காவும் கண்டாள். செப்டம்பர் 16 வரை ஏறத்தாழ 160 காட்சிகள். தினமும் செபமாலை சொல்லுங்கள் என்பதே மாதாவின் வேண்டுகோள். அதை மாதா கூறியது அரசாங்க மொழியில் அல்ல. அக்கிராமத்தார் வீட்டில் பேசிய போலிஷ் மொழியில். அரசாங்கம் தொல்லை கொடுத்தும் ஜனங்கள் திரள் திரளாக வந்தார்கள்.

அதே 1877ல் நம் வட ஆற்காட்டில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடியதையும், சேத்துப்பட்டில் தாராஸ் சுவாமியார் பசித்தவர்களுக்கு ஆதரவாக நின்றதையும், பின் லூர்து மாதாவுக்கு ஆலயம் எழுப்பியதையும் வாசகர்கள் அறிவார்கள். இங்கே பசி, அங்கே மொழி.

நூறு ஆண்டு விசாரித்தபின், 1977 செப்டம்பர் 1ந் தேதி வார்மியா மேற்றிராணியார் அக்காட்சிகளை அங்கீகரித்தார். அதே மாதம் 11ந் தேதி நடந்த நூற்றாண்டு விழாவுக்குத் தலைமை தாங்கியவர் கிராக்கோவ் கர்தினால் கரோல் வொய்த்திவா. அடுத்த ஆண்டே அவர் திருத்தந்தையானார். 1991 ஜூனில் ஒல்ஷ்டினுக்கும் வந்தார். பார்பரா கன்னியராகி, குவாத்தமாலா நாட்டில் நோயாளிகளுக்குப் பணிசெய்து 1950ல் இறந்தார்.

மாதா பேசிய மொழியில் 1886ல் ஒல்ஷ்டினில் ஒரு பத்திரிகை தொடங்கியது. ஆனால் 1920ல் நடந்த பொது வாக்கெடுப்பில் அவ்வட்டாரத்தார் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்குமேல் ஜெர்மனிப் பக்கமே வாக்களித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1939ல் நாஜிகள் அந்தப் பத்திரிகையை மூடினார்கள். அதன் ஆசிரியர் செவெரின் பியெனியென்ஸ்னியை 1940ல் சுட்டுக் கொன்றார்கள். 1945 ஜனவரியில் சோவியத் படை நுழைந்தபின் நகரின் பல தெருக்கள் எரிந்தன. ஜெர்மானியர் பெரும்பாலும் ஓடினர் அல்லது வெளியேற்றப்பட்டனர். கிழக்கே தங்கள் ஊர்களை இழந்த போலந்துக்காரர் மூட்டை முடிச்சோடு வந்து காலி வீடுகளில் குடியேறினர். ஊர் இருந்தது, ஊரார் மாறினர். புனித யாகப்பர் ஆலயத்தில் பாட்டன் பூட்டன் ஞானஸ்நானம் பெற்றவர்கள் போய்விட்டார்கள். ஆலயத்தைக் கண்டே இராதவர்கள் அதைப் பெருக்கி, விளக்கேற்றி, தங்களுடையதாக்கிக் கொண்டார்கள்.

அதே கிழக்குப் பிரதேசங்களிலிருந்து சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களில் சிலர் நம் நாட்டுக்கே வந்தார்கள். 1942ல் ஜாம்நகர் அரசர் திக்விஜய்சிங் போலந்துக் குழந்தைகளுக்குப் பாலாச்சடியில் இடம் கொடுத்தார். 1943 முதல் 1948 வரை கோலாப்பூர் அருகே வாலிவடேயில் ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்தார்கள்.

கியெட்ஷ்வாவ்டில் ஒரு நீரூற்று உண்டு. 1877 செப்டம்பர் 8ந் தேதி, மாதா பிறந்த திருநாளில், தேவமாதா அதை ஆசீர்வதித்தார்கள் என்பது அவ்வூரார் விசுவாசம். நம்மவர் வேளாங்கண்ணியில் கூடும் அதே நாளையொட்டி, அவர்கள் வயல்களின் ஊடே செபமாலை சொல்லிக்கொண்டு நடந்து வந்து, அந்த ஊற்றில் தண்ணீர் பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.