சிலம்பு எங்கிருந்து வந்தது? கேட்ஸ்பியும் குற்றாலக் குறவஞ்சியும்

இந்த எபிசோடுல ஒரு அமெரிக்க நாவலையும் நம்ம குற்றாலத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கப் போறோம்.

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டோட 'தி கிரேட் கேட்ஸ்பி' 1925-ல வெளிவந்தது. காலேஜ்ல படிச்சிருப்பீங்க, இல்ல டிகாப்ரியோ நடிச்ச படமாவது பார்த்திருப்பீங்க. ஏழைப் பையன் கேட்ஸ்பி, டெய்சிங்கற பணக்காரப் பொண்ணை இழக்கிறான். அமெரிக்காவுல மதுவிலக்கு இருந்த காலம். கள்ளச் சரக்குல சம்பாதிச்சு, அவ வீட்டுக்கு எதிர்க்கரையில மாளிகை வாங்கி, பெரிய பெரிய பார்ட்டியா கொடுக்கிறான், என்னைக்காவது அவ வருவான்னு.

'இவ்வளவு பணம் ஏது?'ன்னு விருந்தாளிங்க முதுகுக்குப் பின்னால கிசுகிசுப்பாங்க. அந்தக் கேள்வியை எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கறது டெய்சியோட கணவன் டாம். பதில் வெளிய வந்ததும் டெய்சி பின்வாங்கிடறா. காதல் அங்கேயே முடிஞ்சது.

இப்போ அதே கேள்வியோட குற்றாலத்துக்கு வருவோம். தென்காசியிலிருந்து குற்றாலம் போற வழியில மேலகரம்னு ஒரு ஊர். அந்த ஊர்க்காரர் திரிகூட ராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டுல எழுதினதுதான் 'திருக்குற்றாலக் குறவஞ்சி'. பந்து விளையாடிட்டிருந்த வசந்தவல்லி, பவனி வந்த குற்றாலநாதரைப் பார்த்துக் காதல்ல விழறா. சிங்கிங்கற குறத்தி வந்து, தன் மலையோட வளத்தைப் பாடி, கை பார்த்துக் குறி சொல்லிப் பரிசு வாங்கறா. இது எல்லாரும் பேசற பாதி. எனக்குப் பிடிச்சது அடுத்த பாதி.

சிங்கியோட கணவன் சிங்கன், பறவை பிடிக்கறவன். அவளைக் காணாம தேடி அலையறான். கண்டுபிடிக்கறப்போ அவ மேல எல்லாம் புது நகை. அவனுக்கு அது நகைன்னே புரியல. கால்ல விரியன் பாம்பு கிடக்குதேன்னு கேட்கிறான். அது சேலத்து நாட்டுல குறி சொல்லி வாங்கின சிலம்புன்னு அவ சொல்றா. அதுக்கு மேல முறுக்கா இருக்கே? அது கோலத்து நாட்டார் கொடுத்த தண்டை. இப்படியே ஒவ்வொண்ணா கேள்வி, பதில்.

சிரிப்பு வரும். ஆனா உள்ளே சந்தேகமும் இருக்கு. டாம் கேட்டப்போ ஒரு காதல் உடைஞ்சது, சிங்கன் கேட்டப்போ உடையல. ஏன்? சிங்கிகிட்ட ஒவ்வொரு நகைக்கும் ஒரு ஊர் இருக்கு, ஒரு வேலை இருக்கு. மறைக்க ஒண்ணுமில்ல. அவ சம்பாத்தியம் அவ வாக்குல வந்தது.

கவிராயர் கதையும் கிட்டத்தட்ட அதேதான். இந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்கே 'குறவஞ்சி மேடு'ன்னு பேர். சிங்கிக்குச் சிலம்பு, கவிராயருக்கு மேடு. ரெண்டுமே சொல்லுக்குக் கிடைச்ச கூலி.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஃபிட்ஸ்ஜெரால்டு 1940-ல இறந்தப்போ கேட்ஸ்பியைப் பெரிசா யாரும் படிக்கல. இரண்டாம் உலகப் போர்ல படைவீரர்களுக்குச் சுமார் 1,50,000 பிரதிகள் இலவசமா போனதும், அதுக்கு மறுவாழ்வு கிடைக்க ஒரு காரணம். அதே போர்க்காலத்துல, 1944-ல, ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவுல குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமா மேடையேத்தினாங்க.

அடுத்த சீசனுக்கு அருவியில குளிக்கப் போறவங்க மேலகரத்தைத் தாண்டறப்போ கவிராயரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.