நிறம் கூறும் சாட்சி

கண்ணுக்குப் புலனாகாத புரதம் ஓரிடத்தில் உண்டென நிறுவுதல் எளிதன்று. உடலினுட் புகும் அந்நியப் பொருளை இனங்கண்டு பற்றும் பிறபொருளெதிரிகள் இதற்குத் துணையாகலாம். ஆனால் அவையும் கட்புலனாகாதவையே. 1941 ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்து அல்பேட் கூன்சும் துணைவரும் அவற்றோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்து இத்தடையைக் கடந்தனர்.

எனினும், ஒவ்வொரு பிறபொருளெதிரிக்கும் தனித்தனியே சாயமேற்றுதல் பெருந்தொல்லையாயிற்று. 1954 இல் தோமஸ் வெல்லரும் கூன்சும் கொப்புளிப்பான் வைரசை ஆராய்ந்தபோது வேறு வழியைக் கையாண்டனர். நோயுற்றோர் குருதியிலிருந்த பிறபொருளெதிரிகளை முதலில் வைரசைப் பற்றவிட்டனர். பின்னர், அவற்றையே பற்றும் இரண்டாவது பிறபொருளெதிரிக்குச் சாயமேற்றிச் சேர்த்தனர். மனிதக் குருதியில் தோன்றும் பிறபொருளெதிரி எதுவாயினும், சாயமேற்றிய இந்த ஒன்றே போதுமாயிற்று. முதலாவதன்மீது பல வந்தமர்வதால் ஒளியும் மிகுந்தது.

ஆயினும் ஒளிரும் சாயம் விரைவில் மங்கிற்று. அதனைக் காணத் தனிவகை நுணுக்குக்காட்டியும் வேண்டியிருந்தது. 1960 இல் யாலோவும் பேர்சனும் இன்சுலினை அளவிடக் கையாண்ட கதிர்வீசும் அயடீனோ நுண்ணிய அளவுகளை அறியவல்லதாயினும், காப்பும் தனிக் கருவிகளும் வேண்டியது.

1966 இல் அமெரிக்காவில் நக்கானேயும் பியர்சும், பிரான்சில் அவ்ராமியாசும் யூரியேலும் சாயத்துக்குப் பதிலாக நொதியத்தைப் பிணைத்தனர். குதிரைமுள்ளங்கி வேரிலிருந்து பெறப்படும் பெரொக்சிடேஸ் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. நொதியம் தான் அழியாது, நிறமற்ற பொருளின் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறமுடையனவாக்கும். ஆதலின் மிகச்சிறு அளவும் சாதாரண ஒளியிலேயே புலப்பட்டது. 1971 இல் ஸ்ரொக்ஹோமில் ஈவா எங்வாலும் பீற்றர் பேர்ள்மனும், ஒல்லாந்தில் வான் வீமனும் ஸ்கூர்சும் இதனை அளவிடும் முறையாக வளர்த்தனர். 1979 இல் பாசல் நகரில் டௌபினும் துணைவரும் புரதங்களைப் பருமன்படி பிரித்துத் தாளொத்த மென்தகட்டிற் பதித்து, இரண்டாவது பிறபொருளெதிரியால் இனங்கண்டனர்.

ஆனால் நிறம் தோன்றுவதெல்லாம் உண்மையாகாது. இரண்டாவது பிறபொருளெதிரி தகாத இடத்தில் ஒட்டினும் நிறம் தோன்றும். ஆகவேதான் ஒட்டாதவற்றைக் கழுவி நீக்குவதும், முதலாவதை இடாத கட்டுப்பாட்டுப் பரிசோதனையை உடன் நடத்துவதும் இன்றியமையாதன. 1985 இல் அமெரிக்காவில் தானக் குருதியை எயிட்ஸ் வைரசுக்காகச் சோதிக்கத் தொடங்கியபோது இவ்வெச்சரிக்கை மனித வாழ்வோடு பிணைந்தது. முதற் சோதனையில் நிறம் காட்டிய குருதி, புரதங்களைப் பிரித்தறியும் முறையால் மீண்டும் ஆராயப்பட்டது. நோயைத் தவறவிட்டால் பிறருக்குக் கேடு. இல்லாத நோயை உண்டென்றால் குற்றமற்ற ஒருவரின் வாழ்வே குலையும். சாட்சியைத் தேடியது போலவே, அச்சாட்சியை வினவவும் கற்றமையே இவ்வரலாற்றின் பெருமையாகும்.